இழுக்குதா, இடிக்குதா?

(கூட்டமைப்பின் பத்தாம் ஆண்டு விழாவில், காலை யோகா வகுப்பை நடத்திவரும் உறுப்பினர் பேசியது. பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்.)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கம் கிடையாது. தலைவி அக்கா, "யோகாவைப் பத்தி இருபது நிமிஷம் பேசு, மலர்லயும் போட்டுக்கலாம்"னு சொன்னாங்க. யோகா செய்தால் என்னென்ன நன்மை என்று ஜூன் 21 யோகா தினத்தில் ஒவ்வொரு வருஷமும் கேட்கிறோம். அதையே நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. நான் செய்த ஒரு தப்பையும், அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் சொல்லப் போகிறேன். அந்தத் தப்பால் அடிபட்ட அக்கா இதோ மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்காங்க. "என் பேரைச் சொல்லாதே, மத்ததெல்லாம் சொல்லு. இன்னொருத்திக்கு இப்படி ஆகக் கூடாது"ன்னு அவங்களே சொன்னதால்தான் சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நம் கூட்டமைப்புக் கட்டடத்தில் காலை ஆறு மணி வகுப்பைத் தொடங்கினோம். முதல் மாதம் இருபத்திரண்டு பேர் வந்தார்கள். எனக்கு அப்போது ரொம்ப உற்சாகம். நான் சின்ன வயதிலிருந்தே உடம்பை எப்படி வேண்டுமானாலும் வளைப்பேன். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியிருக்கேன். எனக்கு வருவது எல்லாருக்கும் வரும், வராவிட்டால் அவர்கள் சரியாக முயற்சி செய்யவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் பத்மாசனம். இந்தக் கால் அந்தத் தொடை மேல், அந்தக் கால் இந்தத் தொடை மேல். அந்த அக்கா சித்தாள் வேலைக்குப் போறவங்க. நாள் முழுக்கக் கலவைச் சட்டி சுமந்து ஏணி ஏறி இறங்கும் உடம்பு. பலத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் அவங்க முட்டி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றது. "கொஞ்சம் பொறுத்துக்குங்க அக்கா, பழகிடும்" என்று சொல்லிக்கொண்டே, நான் அவங்க முட்டி மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்தினேன். "டக்"கென்று ஒரு சத்தம். அக்கா "அம்மா"ன்னு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாங்க.

முட்டிக்குள்ளே ஜவ்வு கிழிந்திருந்தது. இரண்டரை மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. சித்தாளுக்கு முட்டி என்பது முட்டி மட்டும் இல்லை, அன்றைக்கு வீட்டில் வேகும் அரிசி. அந்த மாதங்களில் அவங்க கடன் தவணையைக் குழுப் பொதுநிதியிலிருந்து கட்டுவது என்று தீர்மான நோட்டில் எழுதி, பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தலை குனிந்துவிடும். மன்னிப்புக் கேட்கப் போனேன். அக்கா சொன்னது இதுதான்: "நீ வேணும்னா பண்ணினே? உனக்குத் தெரியல. போய்த் தெரிஞ்சுக்கிட்டு வா."

தெரிந்துகொள்ளப் போனேன். அக்காவுக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபி அம்மாவிடமே போய் உட்கார்ந்தேன். அவங்க மேஜை மேலிருந்த எலும்பு மாதிரியைக் கையில் கொடுத்து, "எல்லாருக்கும் இதுதான் இருக்குன்னு நினைச்சியா?"ன்னு கேட்டாங்க. அன்றிலிருந்து நான் படித்ததும், பார்த்ததும், நம் வகுப்பில் அனுபவத்தில் கண்டதும்தான் இனிமேல் சொல்லப் போவது.

உடம்பு வளையாமல் நிற்பதற்கு மூன்று காரணம் இருக்கிறது. ஒன்று எலும்பு. இரண்டு சதை. மூன்று, அந்தச் சதையை இறுக்கிப் பிடித்திருக்கிற நரம்பும் மனசும். இந்த மூன்றில் எது நம்மை நிறுத்துகிறது என்று தெரியாமல் அழுத்தினால் அக்காவுக்கு ஆனதுதான் ஆகும்.

முதலில் எலும்பைப் பார்ப்போம். வீட்டுக்குப் போனதும் ஒரு சோதனை செய்து பாருங்க. ஒரு சொம்பையும், வாயகன்ற ஒரு கிண்ணத்தையும் எடுத்துக்குங்க. இரண்டிலும் ஒரு கரண்டியை நிறுத்திச் சாய்த்துப் பாருங்க. சொம்பில் கொஞ்சம் சாய்த்ததுமே காம்பு விளிம்பில் இடிக்கும். கிண்ணத்தில் நன்றாகச் சாயும். நம் இடுப்பு மூட்டும் இப்படித்தான். இடுப்பெலும்பில் ஒரு குழி இருக்கிறது. தொடை எலும்பின் மேல் நுனி பந்து மாதிரி உருண்டையாக அந்தக் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. சிலருக்கு அந்தக் குழி ஆழம், சிலருக்கு ஆழம் குறைவு. சிலருக்கு முன்னால் பார்த்திருக்கும், சிலருக்குப் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். ஆழமான குழி இருக்கிறவங்க காலை ஓரளவுக்கு மேல் விரித்தால் எலும்பும் எலும்பும் இடித்துக்கொள்ளும். சொம்பு விளிம்பில் இடிக்கிற காம்பை எத்தனை வருஷம் அழுத்தினாலும் சொம்பு அகலமாகுமா?

அந்தப் பந்தைத் தொடை எலும்போடு சேர்க்கும் பகுதிக்குக் கழுத்து என்று பெயர். அந்தக் கழுத்து தொடை எலும்போடு சேரும் கோணம் பெரியவங்களுக்குப் பொதுவாக 125 டிகிரி அளவில் இருக்கும். சிலருக்கு 120க்குப் பக்கத்தில், சிலருக்கு 135க்குப் பக்கத்தில். அது மட்டும் இல்லை, அந்தக் கழுத்து நேராக இல்லாமல் கொஞ்சம் முன்பக்கமாகத் திருகியும் இருக்கும். அந்தத் திருகல் கூடுதலாக இருக்கிற பெண்ணுக்குக் கால் உள்பக்கமாகச் சுலபமாகத் திரும்பும், வெளிப்பக்கமாகத் திரும்பச் சிரமப்படும். சம்மணம் போட்டால் முட்டி மேலேயே நிற்கும். திருகல் குறைவாக இருப்பவளுக்கு நேர் எதிர். அவள் முதல் நாளே பத்மாசனம் போட்டுவிடுவாள். அவளுக்கு அது உழைப்பால் வந்ததில்லை, பிறப்பால் வந்தது. எனக்கும் அப்படித்தான் வந்தது. அதற்குத்தான் நான் பரிசு வாங்கினேன்!

ஒரு ஆளுக்கே இடது இடுப்பும் வலது இடுப்பும் அச்சாக ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரு பக்கம் சுலபமாகத் திரும்பி, மறுபக்கம் சிரமமாக இருந்தால் "இந்தப் பக்கம் எனக்கு ஏதோ கோளாறு"ன்னு பயப்படாதீங்க.

இப்போ முட்டிக்கு வருவோம். முட்டி என்பது கதவுக் கீல் மாதிரி. மடக்கலாம், நீட்டலாம். மடக்கிய நிலையில் ஒரு சிறிதளவு திரும்பும், அவ்வளவுதான். பத்மாசனத்துக்கு வேண்டிய திருப்பம் எல்லாம் இடுப்பிலிருந்துதான் வர வேண்டும். இடுப்பில் எலும்பு இடித்து நின்றுவிட்டால், மேலும் அழுத்துகிற அழுத்தம் எங்கே போகும்? கதவைப் பிடித்துப் பக்கவாட்டில் திருகினால் கதவு உடையாது, கீல்தான் பிய்ந்து வரும். அக்காவுக்கு நடந்தது அதுதான். இடுப்பு மறுத்தது, முட்டி விலை கொடுத்தது.

இன்னும் இரண்டு சின்ன சோதனை இங்கேயே செய்யலாம். எல்லாரும் எழுந்து நில்லுங்க. கையைப் பக்கத்தில் தொங்கவிட்டு, உள்ளங்கையை முன்னால் திருப்புங்க. இப்போ பக்கத்தில் இருக்கிறவங்க கையைப் பாருங்க. முழங்கைக்குக் கீழே கை நேராக இறங்காமல் வெளிப்பக்கமாகச் சாய்ந்து போகுதா? அந்தச் சாய்வு ஆளாளுக்கு மாறும். பொதுவாக ஆண்களைவிடப் பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். "கையை நேரா வை, நேரா வை"ன்னு நான் எத்தனை பேரைத் திட்டியிருக்கேன் தெரியுமா? அவங்க எலும்பே அப்படி.

அடுத்தது, உள்ளங்கையைத் தொடையோடு ஒட்டி வைங்க. விரல் நுனி எங்கே வருது? சிலருக்குத் தொடையின் பாதியில், சிலருக்கு முட்டிக்குப் பக்கத்தில். கை நீளமும் கால் நீளமும் உடம்பு நீளமும் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு கணக்கு. கை நீளமாக இருக்கிற பெண் குனிந்தால் கால் விரலைத் தொட்டுவிடுவாள். அவளைவிட நன்றாகக் குனிகிற குட்டைக் கைக்காரி தொட மாட்டாள். அப்புறம் எதற்கு "விரலைத் தொட்டாச்சா, தொட்டாச்சா"ன்னு கேட்கிறோம்? சரி, உட்காருங்க.

இரண்டாவது, சதை. இது எலும்பு மாதிரி இல்லை, இது மாறும். நாம் செய்கிற வேலைதான் நம் சதையைச் செதுக்குகிறது. நாற்று நடப் போகிற அக்காமார்கள் நாள் முழுக்க இடுப்பிலிருந்து குனிந்தே நிற்பவங்க. அவங்களில் நிறையப் பேருக்கு உள்ளங்கை தரையில் படும். தையல் மெஷினில் எட்டு மணி நேரம் உட்காருகிற தங்கைக்குத் தொடையின் முன்பக்கமும் பின்பக்கமும் இறுகிப்போயிருக்கும், தோள் முன்னால் வளைந்திருக்கும். பீடி சுற்றுகிறவங்களுக்குக் கழுத்தும் மேல் முதுகும். தலையில் சுமை தூக்குகிறவங்களுக்குக் கெண்டைக்கால். நம் வகுப்பில் தையல் வேலை பார்க்கும் ஒரு தங்கை, வயது முப்பதுகூட இல்லை, குனிந்தால் விரல் முட்டிக்குக் கீழே போகாது. பக்கத்தில் அறுபது வயது பாட்டி தரையைத் தொடுவாங்க. அந்தப் பெண் நாலாவது நாளோடு நின்றுவிட்டாள். "எனக்கு உடம்பு கட்டைக்கா, இது நமக்கு ஆகாது"ன்னா. அடிபட்ட அக்காவை நினைத்து வருந்துகிற அளவு, வெட்கப்பட்டு நின்றுபோன இந்தத் தங்கையை நினைத்தும் வருந்துகிறேன். உண்மையில் உட்கார்ந்தே வேலை செய்கிற அவளுக்குத்தான் இது எல்லாரையும்விட அதிகம் தேவை.

தொடையின் பின்பக்கச் சதை எங்கே தொடங்குகிறது தெரியுமா? நாம் உட்காரும்போது பலகையில் குத்துகிற அந்த எலும்பில். அங்கிருந்து இறங்கி முட்டியைத் தாண்டிப் பிடிக்கிறது. அது இறுகியிருந்தால் இடுப்பு எலும்பை முன்னால் சாயவே விடாது. அப்போது நாம் என்ன செய்கிறோம்? எப்படியாவது விரலைத் தொட வேண்டும் என்று முதுகைக் கூன் போட்டு வளைக்கிறோம். சதை நீளாது, நடுமுதுகும் கீழ்முதுகும்தான் அவதிப்படும். இதற்கு வழி சுலபம். ஒரு கம்பளியை நாலாக மடித்து அதன் மேல் உட்காருங்க. முட்டியைக் கொஞ்சம் மடக்கிக்குங்க. இடுப்பு தானாக முன்னால் சாயும், சதையில் மட்டும் இழுப்பு தெரியும். விரலைத் தொட வேண்டாம். இடுப்பு சாய்ந்தால் போதும்.

மூன்றாவது விஷயம்தான் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. சதைக்குள்ளே நீளத்தை அளக்கிற நுண்ணிய உணர்விழைகள் இருக்கின்றன. சதை திடீரென்று இழுபட்டால் அவை உடனே தண்டுவடத்துக்குச் சொல்லும், அங்கிருந்து "இறுக்கு" என்று உத்தரவு வரும். நம்மைக் கேட்காமலே நடக்கும். டாக்டர் முட்டிக்குக் கீழே சின்ன சுத்தியால் தட்டினால் கால் துள்ளுதே, அதே ஏற்பாடுதான். ஆகவே குலுக்கிக் குலுக்கிக் குனிந்தால், நாம் நீட்டுவதாக நினைத்துக்கொண்டு இறுக்கிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். யாராவது முதுகில் கை வைத்து அழுத்தினாலும் அப்படித்தான், உடம்பு பயந்து கெட்டியாகும்.

அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுத்ததும் விறைப்பாக இருந்த கை கால் தளர்ந்துபோகும். சதை அதே சதைதான். அதைப் பிடித்திருந்த காவல் தூங்கிவிட்டது. அப்படியென்றால் நம் இறுக்கத்தில் ஒரு பங்கு சதையின் நீளக் குறைவு இல்லை, உடம்பு போட்டிருக்கும் காவல். தினமும் நிதானமாகப் பயிற்சி செய்யும்போது முதல் சில வாரங்களில் வரும் வளைவும் பெரும்பாலும் சதை நீண்டதால் வருவதில்லை. "இதுவரைக்கும் போனால் ஆபத்தில்லை" என்று மூளை நம்பத் தொடங்குவதால் வருவது. நம்பிக்கையை அழுத்தி வாங்க முடியுமா? மெதுவாகத்தான் வாங்க முடியும்.

இந்தக் காவல் எப்போது அதிகமாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. தவணை தேதி நெருங்கினால் தோள் காது வரைக்கும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வீட்டில் சண்டை நடந்த மறுநாள் தாடையும் கழுத்தும் கல்லாகக் கிடக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தூங்காமல் கிடந்தால் அன்று எதுவும் வளையாது. நேற்று வந்தது இன்று வரவில்லையே என்று கவலைப்படாதீங்க. நேற்றைய உடம்பு வேறு, இன்றைய உடம்பு வேறு. அப்படிப்பட்ட நாளில் மூச்சை மெதுவாக வெளியே விடுவதுதான் முதல் ஆசனம். உள்ளே இழுக்கும் நேரத்தைவிட வெளியே விடும் நேரம் கூடுதலாக இருக்கட்டும். வெளியே விடும்போது இறுக்கம் இறங்கும். மூச்சை அடக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு செய்வது ஆசனம் இல்லை.

சரி, மூன்று காரணம் சொல்லியாச்சு. என் உடம்பை எது நிறுத்துதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பது? எக்ஸ்ரே வேண்டாம். உங்களையே ஒரு கேள்வி கேளுங்க: இழுக்குதா, இடிக்குதா?

இழுப்பு என்பது சதையின் நடுவில், நீளவாக்கில், பரவலாகத் தெரியும். நீட்டுகிற பக்கத்தில் தெரியும். மூச்சு விட்டால் கொஞ்சம் குறையும். இது சதையும் காவலும். இது மாறும். கொஞ்ச தூரம் நடந்தோ வீட்டு வேலை செய்தோ உடம்பு சூடான பிறகு, தாங்கக்கூடிய இழுப்பில் 30 விநாடி நில்லுங்க. இரண்டு மூன்று தடவை செய்யுங்க. வயதானவர்கள் 60 விநாடி வரை நிற்கலாம். வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் செய்வதைவிடத் தினமும் பத்து நிமிஷம் செய்வது மேல்.

இடிப்பு என்பது மூட்டுக்குள்ளே, ஒரு புள்ளியில் தெரியும். மடங்குகிற பக்கத்தில் தெரியும். தொடை இடுக்கில் கிள்ளுகிற மாதிரி, அல்லது சுவரில் முட்டின மாதிரி "இதுக்கு மேல இல்லை"ன்னு நிற்கும். மூச்சு விட்டாலும் மாறாது, மாதக்கணக்கில் செய்தாலும் அதே இடத்தில் நிற்கும். அங்கே போராடாதீங்க. வழியை மாற்றுங்க. காலை இன்னும் கொஞ்சம் அகட்டி வைங்க, பாதத்தை வெளியே திருப்புங்க, உயரமாக உட்காருங்க, இல்லையென்றால் அந்த ஆசனத்தையே விடுங்க.

ஒரு உதாரணம் சொல்றேன். குத்தவைத்து உட்காரும்போது சிலருக்குக் குதிகால் தரையில் படாது. கெண்டைக்காலின் பின்பக்கம் இழுத்தால் அது சதை, பழக்கினால் இறங்கும். கணுக்காலின் முன்பக்கம் இடித்தால் அது எலும்பு. குதிகாலுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டை வைத்துக்கொண்டு உட்காருங்க. அதில் கேவலம் ஒன்றும் இல்லை.

இழுப்பும் இல்லாமல் இடிப்பும் இல்லாமல் மூன்றாவது ஒன்று வந்தால் உடனே நிறுத்துங்க. சுருக்கென்று குத்துவது, கரண்ட் அடித்த மாதிரி காலில் இறங்குவது, மரத்துப்போவது, மறுநாள் மூட்டு வீங்குவது. அப்படி வந்தால் டாக்டரைப் பாருங்க. "பழகிடும்"னு யார் சொன்னாலும் கேட்காதீங்க. நான் சொன்னாலும் கேட்காதீங்க.

வளையாதவங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். ரொம்ப வளைகிறவங்களும் கவனிக்க வேண்டும். கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா, சுண்டுவிரல் பின்னால் நிமிர்ந்து நிற்கிறதா, முழங்கையும் முட்டியும் நீட்டும்போது பின்பக்கமாக வளைகிறதா? இப்படி இருக்கிறவங்களுக்கு மூட்டைக் கட்டியிருக்கும் நார்களே தளர்வு. எல்லாரும் கைதட்டுவாங்க. ஆனால் மூட்டு பிசகவும் சுளுக்கவும் வாய்ப்பு அதிகம் உள்ளவங்க அவங்கதான். எனக்கே அப்படி என்று பிசியோதெரபி அம்மா சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவங்களுக்கு வேண்டியது மேலும் நீட்டுவது இல்லை, சதைக்குப் பலம் ஏற்றுவது. கர்ப்பமாக இருக்கும்போதும் மூட்டுகளைக் கட்டியிருக்கும் நார்கள் இளகியிருக்கும். அந்த நேரத்தில் "எனக்கு நல்லா வளையுதே"ன்னு கடைசி எல்லை வரைக்கும் போகக் கூடாது.

மாதவிலக்கு நின்ற அம்மாமார்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வயதுக்குப் பிறகு எலும்பு வலு குறையும். எலும்புத் தேய்மானம் இருக்கு, முதுகெலும்பு வலுவில்லைன்னு டாக்டர் சொல்லியிருந்தால், முதுகைக் கூன் போட்டு ஆழமாகக் குனிவதையும், பலமாக முறுக்குவதையும் விட்டுவிடுங்க. வலுவிழந்த முதுகெலும்பு அந்த அழுத்தத்தில் நசுங்கக்கூடும். முதுகை நேராக வைத்து இடுப்பிலிருந்து சாயுங்க. கண் நீர் அழுத்த நோய் இருப்பவங்களும், ரத்தக் கொதிப்பு கட்டுக்குள் வராதவங்களும் தலைகீழ் ஆசனம் செய்யக் கூடாது.

"இப்படியெல்லாம் மாத்தினா அது யோகாவா?"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. நல்ல கேள்வி. யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி ஆசனத்துக்குக் கேட்டது இரண்டே இரண்டு: அசையாமல் இருக்க வேண்டும், சுகமாக இருக்க வேண்டும். விரலைத் தொடச் சொல்லவில்லை. மைசூரில் யோகசாலை நடத்திப் பிறகு சென்னைக்கு வந்து, நூறு வயதைக் கடந்து 1989இல் காலமான கிருஷ்ணமாச்சாரியார், ஆளின் வயது, உடல், வேலை பார்த்துப் பயிற்சியை மாற்றிக் கொடுத்தவர். அவரிடம் கற்ற பி.கே.எஸ். ஐயங்கார் 1918இல் பிறந்தவர். சின்ன வயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று படுத்துக் கிடந்த உடம்பு அவருடையது. கட்டையும் கம்பளியும் கயிறும் நாற்காலியும் வைத்து, முடியாதவங்களும் ஆசனம் செய்யலாம் என்று உலகத்துக்கே காட்டியவர் அவர்தான். அவ்வளவு பெரியவர் நாற்காலியைக் கொடுக்கும்போது, நாம் அதில் உட்கார ஏன் வெட்கப்படணும்?

இப்போது நம் வகுப்பில் சில கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். குழுத் தீர்மானம் மாதிரி எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். ஒன்று, யாரும் யாரையும் கை வைத்து அழுத்தக் கூடாது, சொல்லித்தருகிற நானும்தான். இரண்டு, பக்கத்து ஆளைப் பார்த்துச் செய்யக் கூடாது. மூன்று, கம்பளி, பலகை, நாற்காலி முதல் நாளிலிருந்தே எல்லாருக்கும் உண்டு. நாலு, "முடியலை"ன்னு சொல்கிறவளை யாரும் சிரிக்கக் கூடாது. ஐந்து, "இழுக்குதா, இடிக்குதா?"ன்னு தன்னைத்தானே கேட்காமல் யாரும் ஒரு விரற்கடைகூடக் கூடுதலாகப் போகக் கூடாது.

அந்தத் தையல் தங்கை திரும்பி வந்துவிட்டாள். வீட்டுக்கே போய்க் கூப்பிட்டேன். எட்டு மாதம் ஆகிறது. விரல் இன்னும் கால் விரலைத் தொடவில்லை. ஆனால் "ராத்திரி கழுத்து வலியில்லாம தூங்குறேன்க்கா"ன்னு சொல்றா. எனக்கு அது போதும்.

அடிபட்ட அக்காவும் வர்றாங்க. இரண்டு கம்பளி போட்டு அதன் மேல் சாதாரணச் சம்மணம். முட்டி இன்னும் மேலேதான் நிற்கிறது. இரண்டு முட்டிக்கும் அடியில் மடித்த சேலையை முட்டுக்கொடுத்து, முதுகை நேராக வைத்துக் கண்ணை மூடி உட்காருவாங்க. வகுப்பிலேயே அசையாமல் உட்காருகிறவங்க அவங்கதான். அன்றைக்கு நான் அழுத்திப் பிடுங்கப் பார்த்தது, இன்றைக்குத் தானாக அவங்களிடம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. நம் குழுவில் உள்கடன் கொடுக்கும்போது எல்லாருக்கும் ஒரே தொகை, ஒரே தவணை என்றா கொடுக்கிறோம்? இவளுக்கு மாடு இருக்கு, அவளுக்குக் கூலி மட்டும்தான், இன்னொருத்திக்கு மகள் கல்யாணம். ஒவ்வொருத்தி நிலைமையும் பார்த்துத்தான் தவணை வைக்கிறோம். தாங்க முடியாத தவணையை வைத்தால் அந்தக் குடும்பமே முறிந்துபோகும் என்று நமக்குத் தெரியும். பத்து வருஷமாகப் பணத்தில் நாம் காட்டுகிற அந்த நியாயத்தை, நம் சொந்த உடம்புக்கும் காட்டுவோம். பக்கத்து வீட்டுக்காரி கட்டுகிற தவணையை நம் முட்டி கட்ட வேண்டியதில்லை.

நாளைக்குக் காலை ஆறு மணிக்கு வாங்க. வளைகிறவங்களும் வாங்க, வளையாதவங்களும் வாங்க. வரும்போது ஒரு பழைய கம்பளியை எடுத்துட்டு வாங்க.